மணலூர்பேட்டையில் ஒரு பட்டை முறிந்த கதை

திருவண்ணாமலையிலிருந்து தியாகதுருகம் போகும் சாலையில் தெற்கே வந்தால், தென்பெண்ணை ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் மணலூர்பேட்டை. பாலத்துக்கு வடக்கே திருவண்ணாமலை மாவட்டம். தெற்கே கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019 நவம்பர் 26-ம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. ஊர்ப் பெயரிலேயே மணலும் இருக்கிறது, பேட்டையும் இருக்கிறது. காலையில் கடைவீதி ஓரம் அரை மணி நேரம் நின்றால் போதும், இந்த வட்டாரத்தில் என்ன விளைகிறது என்று தெரிந்துவிடும். கரும்பு டிராக்டர், நெல் மூட்டை லாரி, மக்காச்சோளம் ஏற்றிய பிக்கப், நாலைந்து ஆடுகளோடு போகும் குட்டி யானை என்று வரிசையாக வரும்.

தை மாதம் 5-ம் தேதி அண்ணாமலையார் இங்கே தீர்த்தவாரிக்கு வருவார். ஆற்று மணலில் கூட்டம் நிரம்பி வழியும். அந்த ஆற்றுத் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்த காலத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். கட்டை வண்டியில் வருபவர்கள் வைக்கோலை மெத்தையாகப் பரப்பி உட்காருவார்கள். வசதி உள்ள வீட்டார் வில்வண்டியில் வருவார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கட்டை வண்டியில் பாரம் நேராக அச்சின் மேல் உட்காரும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் அந்த இடி அப்படியே முதுகெலும்பில் இறங்கும். வில்வண்டியில் அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே வில் போல் வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கும். இடியைப் பட்டை வாங்கிக்கொள்ளும்.

இப்படிப் பட்டைகளை அடுக்கி வண்டிக்கு வில் அமைக்கும் முறைக்கு லண்டனில் ஒபதையா எலியட் என்பவர் 1804-ல் காப்புரிமை வாங்கினார். இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் நம் லாரி, பிக்கப், டிராக்டர் டிரெய்லர் எல்லாம் அதே பட்டைகளின் மேல்தான் ஓடுகின்றன. வில்வண்டிகள் ஊரைவிட்டுப் போய்விட்டாலும், வில் போகவில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் நம் இதழுக்கு வந்த ஒரு வாசகர் கேள்வி. ‘கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறக்குகிறேன். பிக்கப் வண்டியில் பின் பட்டை அடிக்கடி முறிகிறது. பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் சரியாகுமா?’ என்று கேட்டிருந்தார். மலைக்கு ஓட்டுபவர்களிடமே கேட்டுவிடலாம் என்று கிளம்பினோம்.

பட்டறையில் கண்டது

மணலூர்பேட்டையில் சாலையோரப் பட்டறை ஒன்றில் ஒரு பிக்கப் வண்டி ஜாக்கியில் நின்றுகொண்டிருந்தது. பின் இடப்பக்கப் பட்டை செட் கழற்றப்பட்டுக் கீழே கிடந்தது. வண்டிக்காரருக்கு மூன்று ஏக்கர் நிலம். கரும்பும் உளுந்தும் போடுகிறார். கரும்புப் பணம் கைக்கு வருகிற வரை குடும்பம் ஓட வேண்டுமே என்று கடனில் வண்டி எடுத்தவர். மாதம் பிறந்தால் டியூ கட்டியாக வேண்டும். கிழங்குப் பருவத்தில் மலைக்கு வாடகை ஓட்டுகிறார்.

“வெள்ளிமலையிலேருந்து கச்சிராயபாளையம் எறங்குற வழி சார். ஒரு வளைவுல ‘டப்’புன்னு சத்தம். டயர் வெடிச்சிடுச்சின்னுதான் நெனச்சேன். கண்ணாடியில பார்த்தா பாடி இடப்பக்கமா சாஞ்சிகிட்டு நிக்குது. பாரத்து மேல நாலு ஆளு உக்காந்திருந்தாங்க. எல்லாரும் குதிச்சிட்டாங்க. அதுல ஒருத்தன் என் பையன்” என்றார். கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவர் வண்டியைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் சரியான வேலை. முதலில் கியரில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்தார். மேலே வரும் வண்டிக்கும் கீழே வரும் வண்டிக்கும் தெரியும்படி இரண்டு பக்கமும் தூரத்தில் தழை வெட்டிப் போட்டார். பிறகுதான் குனிந்து பார்த்தார். மெயின் பட்டை தப்பித்திருந்தது. அதற்குக் கீழே இரண்டு பட்டைகள், யு போல்ட் பிடித்திருக்கும் இடத்தை ஒட்டி முறிந்திருந்தன. பட்டறைக்காரருக்கு போன் போட்டார்.

“மெயின் பட்டை முழுசா இருந்தா பாரத்தை எறக்கிட்டு, காலி வண்டியா மெதுவா கொண்டாங்கண்ணே. மெயின் போயிருந்தா அங்கியே உட்டுடுங்க, நான் வர்றேன்னு சொன்னேன்” என்றார் பட்டறைக்காரர்.

இந்த ஒரு வேறுபாட்டை வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பட்டைகளில் மேலே இருக்கும் நீளமான பட்டைதான் மெயின் பட்டை. அதன் இரண்டு முனையிலும் காது சுருட்டியிருக்கும். அந்தக் காதுகள்தான் சேஸியோடு இணைந்திருக்கும். அதாவது பட்டை பாரத்தைத் தாங்குவதோடு நிற்பதில்லை, அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். கீழே உள்ள குட்டைப் பட்டைகள் முறிந்தால் தாங்கும் பலம் குறையும். மெயின் பட்டையோ, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டோ முறிந்தால் அச்சே நகர்ந்துவிடும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். முன்பக்கப் பட்டையாக இருந்தால் ஸ்டீயரிங் கைக்கு அடங்காது. முன் பட்டை எது முறிந்தாலும் வண்டியை ஓட்டாமல் இழுத்துத்தான் வர வேண்டும்.

நம் வண்டிக்காரர் இன்னொரு வண்டி வரவழைத்துக் கிழங்கை மாற்றினார். அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை வைத்துக் கயிற்றால் இறுகக் கட்டினார். அவரைத் தவிர யாரையும் ஏற்றாமல், இரண்டாவது கியருக்கு மேல் போகாமல் இறக்கினார். மரக்கட்டை பட்டையாகிவிடாது. பாடி இன்னும் சாய்ந்து டயரில் உரசாமல் தடுக்கும், அவ்வளவுதான். பட்டறை வந்து சேரும் வரைக்குமான ஏற்பாடு அது.

கிழங்கின் கதை வேறு. மரவள்ளியைப் பிடுங்கி இரண்டு, மூன்று நாள் போனால் உள்ளே கருநீலக் கோடு விழ ஆரம்பிக்கும். மாவுச்சத்து குறையும். ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்தை பாயின்ட் கணக்கில் பார்த்துத்தான் விலை போடுவார்கள். வண்டி மாற்றி, ஆள் கூப்பிட்டு, காத்திருந்து கிழங்கு ஆலைக்குப் போனபோது பாயின்ட் இறங்கியிருந்தது. அந்த இழப்பையும் மலைக்கார விவசாயியோடு பேசி, பாதி இவரே ஏற்றுக்கொண்டார்.

முறிந்த முகம் சொல்லும் சேதி

பட்டறைக்காரர் முறிந்த துண்டு ஒன்றை எடுத்துத் துடைத்து நம் கையில் கொடுத்தார். முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தது. மீதி மட்டும் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகப் பளபளத்தது.

“மலையில ஒடஞ்சது இந்தப் பளபளன்னு இருக்குற எடம் மட்டும்தான் சார். பழுப்பா இருக்குது பாருங்க, அது மாசக்கணக்கா விரிஞ்சிகிட்டே வந்திருக்குது. யாரும் பாக்கல” என்றார்.

கம்பியைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நேரத்தில் முறியும் அல்லவா? அதே கதைதான். ஒவ்வொரு பள்ளத்திலும் பட்டை வளைந்து நிமிர்கிறது. அளவான பாரத்தில் லட்சக்கணக்கான தடவை வளைந்தாலும் தாங்கும்படிதான் அந்த எஃகு செய்யப்பட்டிருக்கிறது. பாரம் கூடும்போதுதான் கணக்கு மாறுகிறது. பாரம் இரண்டு மடங்கானால் ஆயுள் பாதியாகும் என்று நினைக்கக் கூடாது. அதைவிடப் பல மடங்கு குறைந்துவிடும்.

விரிசல் எங்கே தொடங்கும்? துருக்குழி விழுந்த இடத்தில், சென்டர் போல்ட் துளையில், யு போல்ட் தளர்ந்து ஆடுகிற இடத்தில். பட்டைகளுக்கு நடுவே ஈரமண் அப்பிக்கொண்டால் அது காயாமல் இருந்து துருவை வளர்க்கும். ஆற்றங்கரை ஊர்களில் இது அதிகம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரை ஊர்களை வெள்ளம் சூழ்ந்தது நினைவிருக்கும். அப்படி வெள்ளச் சேற்றில் நின்ற வண்டியாக இருந்தால், இன்ஜினைப் பார்த்ததோடு விடாமல் பட்டைகளுக்கு நடுவிலும் பீய்ச்சிக் கழுவிப் பார்த்திருக்க வேண்டும்.

கூடுதல் பட்டை போடலாமா?

வாசகர் கேட்ட கேள்விதான் பட்டறையிலும் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்காரருக்கு ஒரு பட்டை சேர்த்துப் போட ஆசை. பட்டறைக்காரருக்கு இஷ்டம் இல்லை.

“பட்டையைச் சேத்துடலாம்ண்ணே. பிரேக்கைச் சேக்க முடியுமா? அச்சைச் சேக்க முடியுமா? இன்னிக்கு முறிய வேண்டிய பட்டை முறியாது. நாளைக்கு ஹவுசிங் விரியும், இல்லன்னா சேஸி விரியும். எறக்கத்துல பிரேக்கு நிக்காது” என்றார்.

அவர் சொல்வது முழுக்கச் சரி. ஒரு வண்டியில் பட்டை, டயர், பிரேக், அச்சு, சேஸி எல்லாம் ஒரே பாரத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் பலப்படுத்தினால், சுமை அடுத்துப் பலவீனமாக இருப்பதைத் தேடிப் போகும். காலியாகப் போகும்போது வண்டி தூக்கிப்போடும். வளைவில் பிடிப்பும் குறையும். சட்டமும் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய்.

வண்டிக்காரரின் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தார். வாடகைக் கணக்கு நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “இந்தப் பருவத்துல அதிகமா ஏத்துனதுல வந்த காசை எல்லாம் கூட்டிப் பார்த்தேன். மாத்துன வண்டி வாடகை, பாயின்ட் கொறஞ்சது, இப்ப பட்டை செட்டு, மூணு நாள் ஓட்டம் போனது. கூட்டிக் கழிச்சா கையிலேருந்து போட்டிருக்கோம். ரெண்டு நடையா அடிச்சாலும் பரவாயில்ல. புள்ளையை அது மேல உக்கார வெக்காதீங்க.”

வண்டிக்காரர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “கம்பெனி அளவே போடுப்பா” என்றார் பட்டறைக்காரரிடம்.

வெள்ளிமலைப் பாதையில்

வேலை முடிந்த மறுநாள் அந்த வண்டியிலேயே மலைக்குப் போனோம். சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம். அதைத் தாண்டினால் கோமுகி அணை. அங்கிருந்து ஏற்றம். கிழக்கே வயல்கள் கீழே கீழே போக, சாலையோரம் கடுக்காய் மரங்கள் வருகின்றன. மேலே சாமை, தினை, மரவள்ளி. கல்வராயன் மலையை மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டுவந்தார்கள். 1976-ல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கடுக்காயையும் தேனையும் தலைச்சுமையாக இறக்கிய மக்கள் இவர்கள். இன்று அவர்களுடைய விளைச்சலைச் சந்தைக்குச் சேர்ப்பது இந்தச் சின்ன வண்டிகள்தான்.

அதனால்தான் அதிக பாரமும் ஏறுகிறது. ‘இன்னும் ரெண்டு மூட்டை போட்டுக்க’ என்பதை மறுக்க முடிவதில்லை. கடைசி பஸ்ஸை விட்டவர்களையும் ஏற்றிக்கொள்கிறார்கள். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்ட ஜவ்வாதுமலையில், கோயிலுக்குப் போனவர்களை ஏற்றிச்சென்ற சரக்கு வேன் கவிழ்ந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இறக்கத்தில் ஒரு வளைவில் வண்டிக்காரர் நிறுத்திக் காட்டினார். “இங்கதான் சார்.” வலப்பக்கம் திரும்பும் வளைவு. திரும்பும்போது பாரம் வெளிப்பக்கம், அதாவது இடப்பக்கம் சாயும். அதே நேரம் பிரேக் பிடித்தால் அச்சு பட்டையை முறுக்கப் பார்க்கும். சாலையோரத்தில் ஒரு பள்ளமும் இருக்கிறது. ஏற்கெனவே பாதிக்கு மேல் விரிந்திருந்த பட்டைக்கு இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைத்திருக்கின்றன.

நீங்களே பார்க்கலாம்

பட்டையைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள்.

* இரண்டு பக்கமும் சக்கரத்துக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை விரலாலோ குச்சியாலோ அளந்து பாருங்கள். ஒரு பக்கம் இறங்கியிருந்தால் பட்டை சோர்ந்திருக்கிறது, அல்லது முறிந்திருக்கிறது.
* பட்டைகளின் ஓரத்தை மண் போகத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை போல் துருக்கோடு குறுக்கே ஓடினால் அது விரிசல்.
* பட்டைகள் ஒன்றுக்கொன்று பக்கவாட்டில் விலகியிருந்தால் சென்டர் போல்ட்டையும் கிளிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.
* யு போல்ட் நட்டைச் சுற்றிப் புதிதாகத் துருப்பொடி உதிர்ந்திருந்தால் அது தளர்ந்து ஆடுகிறது.
* காதில் உள்ள புஷ் தேய்ந்திருந்தால் பள்ளத்தில் ‘டக்டக்’ என்று சத்தம் வரும். புஷ் விலை குறைவு. அதை விட்டுவைத்தால் காது போகும்.

புதுப் பட்டை போட்டபின் வேலை முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். யு போல்ட்டும் புதிதாகவே போடுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும், நட்டுகள் கொஞ்சம் தளரும். அப்போது மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும். நம் வண்டிக்காரரின் பழைய செட்டுக்கு இந்த இரண்டாவது இறுக்கு நடக்கவே இல்லை என்று பட்டறைக்காரர் சொன்னார்.

வழக்கமாக வரும் மூன்று கேள்விகள்

*முறிந்த பட்டையை வெல்டிங் வைக்கலாமா?*

கூடாது. பட்டை சாதாரண இரும்பு இல்லை. கார்பன் அதிகமுள்ள, பதம் வைத்த எஃகு. வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பதம் கெட்டு, ஒட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாடி போல் முறியும். சோர்ந்த பட்டையைக் கொல்லுலையில் சிவக்கக் காய்ச்சி வளைவு ஏற்றுவதும் இப்படித்தான். மறுபடி முறையாக எண்ணெயில் தோய்த்துப் பதம் வைக்காவிட்டால், சில நாளில் பழையபடி படுத்துவிடும்.

*ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?*

முறிந்த ஒரு பட்டையை மட்டும் மாற்றுவது நடைமுறையில் உண்டு. ஆனால் செட் முழுவதும் பழசாகியிருந்தால், அதே அச்சின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்றுவதே நல்லது. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் சோர்ந்தது என்றால் வண்டி சாய்ந்தே ஓடும். டயரும் ஒரு பக்கமாகத் தேயும்.

*காரில் உள்ள சுருள் ஸ்பிரிங் முறிந்தால்?*

கார்களில் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங்தான். அடிச்சுற்று முறிவது வழக்கம். கார் ஒரு மூலையில் இறங்கி நிற்கும். திருப்பும்போது உலோகச் சத்தம் கேட்கும். முறிந்த முனை டயரைக் கிழித்துவிடலாம் என்பதால் ஓட்டிப் பார்க்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வீட்டில் கழற்றும் வேலை வேண்டாம். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் தெறித்தால் கை, முகம் போய்விடும். அதற்கென்று உள்ள அழுத்துக் கருவி இருப்பவர்தான் தொட வேண்டும்.

கொல்லுலைக்குப் போன துண்டுகள்

முறிந்த பட்டையைப் பட்டறையில் யாரும் தூக்கிப் போடுவதில்லை. வண்டிக்குத் தகுதி இழந்த எஃகு, அறுக்கும் கருவிக்கு இன்னும் நல்ல எஃகுதான். ‘லாரிப் பட்டை அருவாள்’ என்று சொன்னாலே விலை பேசாமல் வாங்கும் விவசாயிகள் உண்டு. கொல்லர் பட்டையை உலையில் காய்ச்சி, வெட்டி, தட்டி நீட்டி, வாய்ப்பக்கத்தை மட்டும் தோய்த்துப் பதம் வைப்பார். முதுகு சாதுவாக இருக்கும், வாய் கடினமாக இருக்கும். வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். பழைய விரிசல் ஓடிய பகுதியை வெட்டித் தள்ளிவிட்டுச் செய்தாரா என்று கேளுங்கள். விரிசலோடு தட்டினால் அருவாளும் அங்கேயே முறியும்.

வண்டிக்காரரின் மனைவி இரண்டு துண்டையும் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார். ஒன்றில் கரும்பு வெட்டும் கத்தி, இன்னொன்றில் களைக்கொத்து அடிக்கக் கொடுக்கப் போகிறாராம். அடுத்த கிழங்கு நடை வியாழக்கிழமை. பாரத்தின் மேல் யாரும் உட்காரப் போவதில்லை. ஏற்று ஆட்கள் பஸ்ஸில் வர, பஸ் காசைக் கணக்கு நோட்டில் தனியாக ஒரு வரி போட்டு எழுதியிருக்கிறார்.